இன்று யாருடையது என்று நான் கேட்கவில்லை

திருப்பாலைவனத்தில் பேருந்து நின்றுவிட்டது. நிறுத்தத்துக்காக நிற்கவில்லை. எஞ்சின் ஒரு முறை இருமியது, ஒரு முறை விக்கியது, பிறகு மௌன விரதம் பூண்டுவிட்டது. நடத்துநர் இறங்கிப்போய் முன்சக்கரத்தைக் காலால் ஓர் உதை உதைத்தார். கோளாறு சக்கரத்தில் இல்லை என்பது அவருக்கும் தெரியும். "எறங்குங்கபா, அடுத்த வண்டி வரும்" என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். "வரும்போது" என்றார். சொற்சிக்கனம் என்பது என்ன என்று பத்து ஆண்டுகளாக மேடைகளில் பேசிவந்த எனக்கு, அன்றுதான் அதன் இலக்கணம் விளங்கிற்று.

சாலையின் பாதியை நெல் அடைத்துக்கொண்டு காய்ந்தது. அதைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெரியவர், நான் இரு கைகளாலும் அணைத்திருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தார்.

"இன்னா பொட்டி அது?"

"ஆய்வுக் கருவி, ஐயா. பழவேற்காடு ஏரியில் வைக்கப் போகிறேன். எம்.டெக். படிக்கிறேன்."

"எம்.டெக்குனா?"

"பொறியியல் தொழில்நுட்பத்தில் முதுகலைப் பட்டம்."

"பி.இ.க்கும் மேலயா?" அவர் கிளறுவதை நிறுத்தினார். "எம் பையன் பி.இ. முடிச்சிட்டு மெட்ராசுல சோறு டெலிவரி பண்ணிகினு கீறான். அதுக்கும் மேல படிச்சா இன்னா பண்ணுவாங்க?"

நான் பதில் சொல்லுமுன் அவருக்குப் பின்னால் முறத்தோடு நின்ற அம்மையார், "பெரிய சோறா டெலிவரி பண்ணுவாங்க" என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எனக்குச் சற்றுக் கோபந்தான். கல்லூரிக் காலத்தில் நான் வாங்கிய சுழற்கோப்பைகளுக்கு இடம் போதாமல், நத்தத்தில் எங்கள் வீட்டு நெல் குதிருக்கு மேலே அடுக்கி வைத்திருக்கிறார் என் தாயார். சொல்லால் யாரையும் வெல்ல முடியும் என்று நம்பியவன் நான். அந்த நம்பிக்கையோடுதான் ஏரிக்குப் போனேன். அதனால் விளைந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் நீர்ச்சூழல் தொழில்நுட்பம் என் பாடம். இரண்டாம் ஆண்டு முழுவதும் ஆய்வேடுதான். ஏரியில் ஒரு கம்பம் நட்டு, அதில் என் பெட்டியைப் பொருத்தி, நீரின் உயரம், உப்பு, கலங்கல் ஆகிய மூன்றையும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து கைப்பேசிக்கு அனுப்பவைக்க வேண்டும். முப்பது நாள் தொடர்ச்சியாக எண்கள் வேண்டும். அந்த எண்களால் வரையும் கோடு எங்கும் அறுபடக் கூடாது என்பது என் ஆசை.

மறுநாள் காலை படகில் ஏறினேன். ஓட்டியவர் பாபு, முப்பது வயதிருக்கும். நான் தங்கப்போன பசியாவரம் ஏரிக்குள் இருக்கும் தீவூர். வரைபடத்தில் கைக்கெட்டும் தூரம். தண்ணீர் இருக்கும்போது அது கைக்கெட்டும் தூரந்தான். நாங்கள் போன நேரம் நீர் வற்றிய வேளை. நடு ஏரியில் படகு சேற்றில் அமர்ந்துகொண்டது. "எறங்குங்க சார்" என்றார் பாபு. கடல் போல் விரிந்த நீருக்கு நடுவே இறங்கச் சொல்கிறாரே என்று திகைத்தேன். இறங்கினேன். முழங்கால் அளவுதான் தண்ணீர். அதற்குக் கீழே முழங்கால் அளவு சேறு. படகைத் தள்ளியதில் என் வலக்கால் செருப்பை ஏரி வாங்கிக்கொண்டது.

"ஒத்தச் செருப்பு இன்னாத்துக்கு சார்? அதையும் போட்டுருங்க. ஜோடியா இருக்கட்டும்" என்றார் பாபு.

எங்கள் நத்தம் பக்கம் ஏரி என்றால் மழைக்கு நிறையும், கோடைக்கு வெடிக்கும். நீர் வற்றியபின் அதில் மட்டைப்பந்து ஆடுவோம். இங்கே ஏரி ஒரே நாளில் இரு முறை ஏறி இறங்குகிறது. கடல் அதற்குள் மூச்சு விடுகிறது. இதை நான் நூல்களில் படித்திருந்தேன். ஆனால் செருப்பு போனபோதுதான் அது மனத்தில் பதிந்தது.

வடக்கே ஒரு கால்வாய் போல ஆழம் ஓடிய இடத்தைப் பாபு காட்டினார். கடல்நீர் முகத்துவாரத்திலிருந்து நேராக ஏறிவரும் வழி அது. அளப்பதற்கு அதைவிடச் சிறந்த இடம் கிடையாது. நடுமுன் முறைப்படி கேட்டேன்: "இந்த இடம் யாருடையது?"

"யாருதும் இல்ல சார். தண்ணிய யாருதுன்னு சொல்றது?"

நட்டுவிட்டேன். இந்தக் கேள்வியையும் பதிலையும் என் களக்குறிப்பேட்டில் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தேன், உரிய அனுமதி பெற்றதற்குச் சான்றாக.

கரைக்கு வந்ததும் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த பதினைந்து பேரிடம் நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றிற்று. சொன்னேன். பழக்கம் விடவில்லை, நன்றி என்று தொடங்கியது நீர்வளம், நாட்டின் எதிர்காலம், அறிவியலின் மாண்பு என்று கால் மணி நேரம் நீண்டது. கூட்டத்தின் ஓரத்தில் மீன்கூடையோடு நின்ற ஓர் அம்மையார் உரக்கக் கேட்டார்: "எலெக்சன் வந்துட்ச்சா இன்னா?"

அவர் தேசம்மா. எல்லப்பன் என்ற மீனவரின் மனைவி. அவர்கள் வீட்டை ஒட்டியிருந்த அறையில்தான் நான் தங்குவதாக ஏற்பாடு; உணவும் அவர் கையால்தான். அன்று மாலைக்குள் எனக்கு 'மைக்கு சாரு' என்று பெயர் வந்துவிட்டது. மறுநாள் என் பெட்டிக்கும் பெயர் வந்தது. ஏரிக்கு நடுவே கம்பத்தின் மேல் பூட்டிய இரும்புப் பெட்டி. அதன் பெயர் 'உண்டியல்'. "மைக்கு சாரு, உண்டியல்ல இன்னிக்கி எவ்ளோ வுழுந்துச்சு?" என்று தினமும் ஒருவராவது கேட்பார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் நன்றிகெட்டவன் ஆவேன். நத்தம் புளிக்குப் பெயர் பெற்ற ஊர். என் தாயார் இரண்டு கிலோ புளியைக் கொட்டை நீக்கிக் கொடுத்தனுப்பியிருந்தார். தேசம்மா அதில் ஒரு சுளையை நாக்கில் வைத்துக் கண்ணை இறுக மூடினார். "யப்பா! இன்னா புளி சார் இது, பல்லு கூசுது" என்றார். அன்று மடவை மீன் குழம்பு. சேற்றில் மேயும் மீன் என்பார்கள். எனக்கு அதில் சேறு தெரியவில்லை. என் ஊர்ப் புளியும் அவர்கள் ஊர் மீனும் ஒரே சட்டியில் சந்தித்துப் பேசி உடன்பாட்டுக்கு வந்தது போல இருந்தது. எங்கள் ஊரில் மீன் என்பது ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுதும் பருப்பு. இங்கே ஒரு நாள் பருப்புக் குழம்பு வைத்துவிட்டுத் தேசம்மா மன்னிப்புக் கேட்டார்: "இன்னிக்கி காத்து சரியில்ல சார், ஒண்ணும் படல."

எல்லப்பன் அதிகம் பேசமாட்டார். ஐம்பது வயதிருக்கும். வலக்காலைச் சற்றுத் தூக்கித்தான் வைப்பார். திருக்கை மீன் முள் குத்தி, புண் ஆறி, விறைப்பு மட்டும் தங்கிவிட்ட கால். நான் போனதிலிருந்து அவர் ஏரிக்குள் இறங்கி நான் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் அமர்ந்து ஒரு நீளமான வலையைக் கண்ணி கண்ணியாகத் தைத்துக்கொண்டிருந்தார். சோம்பேறித்தனம் என்றுகூட நான் எண்ணியதுண்டு. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பத்தொன்பதாம் நாள் காலை, என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், நாளன்னிக்கி அமாவாசை."

"ஆமாம்."

"உண்டியல எடுத்துக்குங்க. ஒரு நா தான். மறுநா காலைல நட்டுக்கலாம்."

எனக்கு விளங்கவில்லை. தேசம்மாதான் பின்னாலிருந்து விளக்கினார். அவர் சொன்னதன் சாரம் இது: அந்த வடக்குக் கால்வாயில் எப்போதும் வலை கட்டுவதில்லை. அமாவாசையை ஒட்டி, கடல்நீர் வேகமாக ஏறும் அந்த ஓர் இரவில் மட்டும் கட்டுவார்கள். குறுக்கே கழிகளை ஊன்றிக் கட்டும் சுத்து வலை. இறால் அந்த வழியாகத்தான் வரும். ஓர் அமாவாசைக்கு ஒரு வீடு. ஊரிலுள்ள வலைக்காரர் வீடுகளையெல்லாம் சுற்றிவந்த பிறகுதான் மறுபடி அதே வீட்டுக்கு. அந்த முறைக்குப் பெயர் பாடு.

"போன தபா எங்க பாடு வந்தப்ப, கழி ஊனும்போது அவுருக்குக் கால்ல திருக்க குத்திட்ச்சு. படுத்துட்டாரு. அந்தப் பாடு போச்சு. அப்பால ஊரே சுத்தி இப்பதான் சார் திரும்ப வந்துகீது" என்றார் தேசம்மா. "எந்தம்பி முனுசாமிதான் இவுருக்குக் கூட்டு. அவன் சொல்லிட்டான். இந்தத் தபாவும் வலை எறங்கலன்னா, நான் வேற ஆளோட போயிடுவேன் மாமா, எனக்கும் புள்ளைங்க கீதுன்னுட்டான். ஒத்த ஆளு சுத்து வலை கட்ட முடியுமா சார்? அப்பால இவுரு கரையிலயே குந்திக்க வேண்டியதுதான்."

அப்போதுதான் அந்த வலையை அவர் ஏன் அத்தனை நாளும் தைத்துக்கொண்டிருந்தார் என்பது புரிந்தது. புரிந்தும் நான் சொன்னது வேறு.

கழி ஊன்றினால் சேறு கிளம்பும். கலங்கல் அளவு பிழைபடும். கம்பத்தைப் பெயர்த்தாலோ அந்த இரவின் எண்கள் கிடைக்கா. பெட்டிக்கு இருபது அடிக்குள் யாரும் எதுவும் ஊன்றக் கூடாது என்று சொன்னேன். சற்றுத் தள்ளிக் கட்ட முடியாதா என்றும் கேட்டேன்.

"இறாலு தள்ளி வராதே சார்" என்றார் எல்லப்பன்.

சரி, ஊரில் சொல்லி முடிவு செய்யலாம் என்று ஆயிற்று. அமாவாசையன்று பிற்பகல், வலைகள் காயும் மணலில் ஊர் கூடியது.

அதற்குமுன் நடந்த ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். அன்று நண்பகலில் என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு நிலைமையைச் செய்தியாக அனுப்பியிருந்தேன். அவர் பதில் போட்டிருந்தார்: 'ஒரு நாள் விடுபட்டால் பாதகமில்லை. இடைவெளியை அப்படியே காட்டி, காரணத்தை அடிக்குறிப்பில் எழுது. ஊராரைச் சங்கடப்படுத்தாதே.' அதைப் படித்தேன். கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மணலுக்குப் போனேன்.

ஊர்த் தலைவர் என்னைப் பேசச் சொன்னார். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பெண்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். அத்தனை அமைதியான அவை எனக்கு வாய்த்ததில்லை. இன்றும் அந்தப் பேச்சு எனக்குச் சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. நினைவிருப்பதுதான் தண்டனை.

"பெரியோர்களே! பாடு என்றால் உழைப்பு, பாடுபட்டான் என்கிறோம். பாடு என்றால் துன்பம். படாத பாடு என்கிறோம். உங்கள் ஊரிலோ பாடு என்றால் முறை. ஒரு வீடு தன் ஒரு நாள் பாட்டை விட்டுக்கொடுத்தால், ஊரே படுகின்ற நெடுநாள் பாடு தீர வழி பிறக்கும்! முகத்துவாரம் ஏன் தூர்ந்து போகிறது? இறால் ஏன் குறைந்து போகிறது? அரசின் முன் எடுத்து வைக்க நமக்குச் சான்று வேண்டாமா? முப்பது மணிகள் கோத்த மாலையில் ஒரு மணி உதிர்ந்தாலும் மாலை முழுவதும் சிதறிப் போகாதா?"

ஒரு மணி உதிரலாம் என்ற செய்தி என் நெஞ்சுக்கு மேலே, சட்டைப் பையில் இருந்தது.

கை தட்டினார்கள். ஓர் இளைஞர் சீழ்க்கை அடித்தார். "மைக்கு இல்லாமயே இப்டி. மைக்கு குடுத்தா மஜாதான்" என்றார் இன்னொருவர். எல்லப்பனைப் பார்த்துத் தலைவர், "நீ இன்னாபா சொல்றே?" என்றார்.

எல்லப்பன் எழுந்தார். வலக்காலைத் தூக்கி மணலில் சரியாக வைத்துக்கொண்டார்.

"அது என் முறைபா."

"அது தெரியும். வேற இன்னா சொல்றே?"

அவர் யோசித்தார். உதடு இரண்டு முறை அசைந்தது. "என் முறைதாம்பா" என்றார்.

"கேசட்டு மாட்டிகிச்சுடா டோய்" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, சிரிப்பு எழுந்தது. எல்லப்பனும் கூடச் சிரித்தார். தள்ளி நின்ற தேசம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பேசத் தெரியாதவனுக்கு ஏரி இல்லன்னு இன்னிக்கே எழுதி வச்சிடுங்க" என்றார். "அட, சும்மா இரு தேசம்மா" என்றார் தலைவர். "ஒரு நா தானே எல்லப்பா? படிக்கிற புள்ள. ஊருக்கு நல்லதுன்னு வேற சொல்லுது. அடுத்த தபா பாத்துக்கலாம் வுடு."

கூட்டம் கலைந்தது. முனுசாமி மாமனைப் பார்க்காமல் வேறொரு படகை நோக்கி நடந்தார். எல்லப்பன் என்னிடம் வந்தார். நான் விளக்கம் சொல்லத் தயாராக நின்றேன்.

"நல்லா பேசினே நைனா" என்றார். கேலி இல்லை, அவர் முகத்தில் மெய்யான வியப்பு இருந்தது. இந்தப் பக்கத்தில் நைனா என்றால் தகப்பன்; வயதில் சிறியவனை அன்பாக அழைக்கவும் அதையே சொல்வார்கள். அதுவரை என்னைச் சார் என்று மட்டுமே அழைத்தவர் அவர். நான் வென்ற கோப்பைகளில் எதற்கும் அந்தச் சொல்லின் கனம் இருந்ததில்லை.

மறுநாள் விடியலில் கரை இரைச்சலாக இருந்தது. பக்கத்துக் கால்வாய்களில் முறை வந்து வலை கட்டியவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இறால் கூடைகளில் துள்ளித் தரையில் விழ, பெண்கள் குனிந்து பொறுக்க நேரமில்லாமல் நடந்தார்கள். "இன்னா தண்ணிடா சாமி, குதிர மாதிரி ஏறிச்சு" என்று ஒருவர் கத்தினார். நான் கைப்பேசியைத் திறந்தேன். இருபது நாட்கள் தாழ்ந்த அலைகளாகவே போன என் கோடு, அந்த இரவில் ஒரே மூச்சில் எழுந்து, உச்சி கண்டு, அழகாக இறங்கியிருந்தது. ஆய்வாளன் ஒருவன் தவமிருந்து பெறுகின்ற வளைவு. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றிற்று.

தலையை நிமிர்த்தினேன். எல்லப்பன் வாசலில் அமர்ந்து தம் வலையை மடித்துக்கொண்டிருந்தார். அந்த வேளையில் ஊரில் இருந்த வலைகளிலெல்லாம் நீர் சொட்டியது. அவர் கையில் இருந்தது மட்டும் உலர்ந்த வலை.

பகல் சாப்பாட்டுக்குத் தயங்கித் தயங்கிப் போனேன். தேசம்மா வழக்கம் போலத் தட்டை வைத்தார். இறால் குழம்பு. கைவிரல் நீளத்துக்கு ஒவ்வொன்றும். நத்தம் புளியின் மணம்.

"பக்கத்து வூட்ல குடுத்தாங்க. இன்னிக்கி அல்லார் வூட்லயும் இறாலுதான். துன்னுங்க" என்றார்.

தின்றேன். சுவையாக இருந்தது. அந்தச் சுவையை நான் மன்னிக்கவில்லை.

எஞ்சிய நாட்களில் என்னை யாரும் பழிக்கவில்லை. உண்டியல் கேலி மட்டும் நின்றுபோயிற்று. முப்பதாம் நாள் கம்பத்தைப் பிடுங்கிப் படகில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பாபுவிடம் ஆற்றாமையோடு கேட்டேன்: "அன்றைக்கே இடம் யாருடையது என்று உங்களிடம் கேட்டேனே? யாருடையதும் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

பாபு எஞ்சினைத் தணித்தார். "நீங்க இன்னா கேட்டீங்க சார்? யாருதுன்னு கேட்டீங்க. அது யாருதும் இல்லதான். இன்னிக்கி யாருதுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நாளைக்கி யாருதுன்னு கேட்டாலும் சொல்லியிருப்பேன். எந்த வூட்டுப் பாடு என்னிக்கின்னு இங்க அல்லாருக்கும் தெரியும்."

என் குறிப்பேட்டின் முதல் பக்கம் நினைவுக்கு வந்தது. அனுமதிக்குச் சான்று என்று எண்ணித்தான் எழுதினேன். சான்றுதான், நான் தவறாகக் கேட்டதற்கு.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த உச்சியில் சுட்டுகோலை வைத்து நெடுநேரம் நின்றார். "அமாவாசை ஏற்றத்தை இவ்வளவு தெளிவாகப் பதிவு செய்திருக்கிறீர்கள். கலங்கல் கூடப் பிசிறில்லை. அந்த வழியில் மீன்பிடிப்பு இருந்திருக்குமே, எப்படி இடையூறு இல்லாமல் எடுத்தீர்கள்?" என்றார். என் பேராசிரியர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு மெய்யான பதில் எனக்குத் தெரியும். "ஊர் மக்கள் ஒத்துழைத்தார்கள்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். முதல் வகுப்பில் தேறினேன்.

அட்டை கட்டிய ஆய்வேட்டுடன் மீண்டும் ஒரு முறை பசியாவரம் போனேன். இம்முறை பேருந்து எங்கும் நிற்கவில்லை, படகும் தரை தட்டவில்லை. தடங்கல் ஏதும் இல்லாத அந்தப் பயணம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆய்வேட்டின் படி ஒன்றை ஊருக்குக் கொடுப்பது முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முகத்துவாரத்தைப் பற்றி அரசிடம் அதை யாரும் எடுத்து வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

எல்லப்பன் வீட்டில் இல்லை. முனுசாமி வேறு வலைக்குப் போய்விட்டார் என்றும், எல்லப்பன் தொலைவில் ஒரு துறைமுகத்தில் காவல் வேலைக்குப் போகிறார், பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் வருவார் என்றும் படகிலேயே பாபு சொல்லியிருந்தார். "குந்திகினே பாக்குற வேலைதான் சார். காலுக்கு நல்லதுதான்" என்று என்னைத் தேற்றவும் செய்தார்.

தேசம்மா கிண்ணத்தில் புளி கரைத்துக்கொண்டிருந்தார். "வாங்க மைக்கு சாரு" என்றார். பழைய பெயரை அவர் வாயால் கேட்டதும் கண் கரித்தது. ஆய்வேட்டை நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நீல அட்டை, பொன்னெழுத்து. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"இதுக்குத்தான் அந்த உண்டியலா?"

"ஆமாம் அம்மா."

"அவுரு பேரு எங்கனா கீதா இதுல?"

நன்றியுரைப் பக்கத்தில் துறைத்தலைவர் இருந்தார், பேராசிரியர் இருந்தார், ஆய்வகப் பணியாளர் இருந்தார், உள்ளூர் மீனவர்கள் என்று பொதுவாக ஒரு சொல்லும் இருந்தது. எல்லப்பன் இல்லை. அந்த ஒரு நாளை நான் விட்டுக்கொடுத்திருந்தால், இடைவெளிக்குக் கீழே காரணம் எழுதியிருப்பேன். இன்னாரின் பாடு என்று அவர் பெயரை எழுதித்தான் ஆகவேண்டியிருந்திருக்கும். ஆய்வேட்டில் அவர் பெயர் ஏறுவதற்கு இருந்த ஒரே வழி அதுதான். அதையும் நானே பேசி அடைத்துவிட்டேன்.

"இல்லை" என்றேன்.

அவர் தலையசைத்தார், எதிர்பார்த்தது போல. பக்கங்களைப் புரட்டினார். வரைபடங்கள் வந்ததும் நின்றார்.

"எங்க நாளு இதுல எது?"

பக்கத்தைத் தேடித் திருப்பினேன். முப்பது நாள் கோடு நீல நிறத்தில் ஓடியது. விரலால் உச்சியைக் காட்டினேன். நான் விரலை எடுத்த இடத்தில் அவர் தம் விரலை வைத்தார்.

"இதுவா?"

"ஆமாம்."

கோட்டின் அடியிலிருந்து உச்சி வரை ஒரு முறை விரலை ஓட்டிப் பார்த்தார். "நல்லா ஒசரமாத்தான் வந்துகீது" என்றார். பிறகு அட்டையை மூடி, இரு கைகளாலும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ஏட்ட வச்சிகினு நாங்க இன்னா சார் பண்ணப் போறோம்? நீங்களே வச்சிகிங்க. இருங்க, துன்னுட்டுப் போவலாம்."

அந்தப் படி இப்போது என் மேசையில் இருக்கிறது. உச்சியின் மேல் அவர் விரல் பட்ட இடத்தில் ஒரு புளிக்கறை, பழுப்பாக, ஒரு நெல்மணி அளவில். பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் படியில் அது இல்லை.